இரண்டு மைக், இரண்டு கடிகாரம்: வீட்டுக் கணினியில் பல ஒலிகளை ஒன்றாகப் பதிவது

பட்டர்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டு ஹாலில் பஜனை. பாட்டியும் அம்மாவும் பாட, அப்பா ஆர்மோனியம், இவர் மிருதங்கம், மூலையில் ஒரு மின்சாரச் சுருதிப்பெட்டி. எல்லாவற்றையும் தனித்தனி டிராக்கில் பதிய ஆசைப்பட்டு ஒரே மாதிரி இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கினார். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. சரி என்று ஒரு மைக்கைத் தன் லேப்டாப்பிலும் இன்னொன்றை அக்காவின் லேப்டாப்பிலும் செருகி 50 நிமிடம் பதிந்தார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் பாட்டு கச்சிதம். கடைசிப் பாட்டில் மிருதங்கம் 0.15 நொடி பிந்தி விழுகிறது. கணினியில் கோளாறா, மென்பொருளை மாற்றணுமா, காசு போட்டு வாங்கித்தான் ஆகணும் என்றால் எதை வாங்குவது, பதிந்து வைத்த அந்த 50 நிமிடத்தைக் காப்பாற்ற வழி உண்டா என்பது கேள்வி.

தம்பி, கணினியில் கோளாறு இல்லை. ஆடாசிட்டியிலும் இல்லை. உங்கள் தாளக்கட்டிலும் இல்லை, அப்பாவிடம் சொல்லுங்கள். கோளாறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இரண்டு கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு கச்சேரியை அளந்ததுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சாமான் சோதிக்கும் வரிசையில் பல வருஷம் நின்றவன். அங்கே தினமும் கையில் புழங்கிய பொருள்களில் ஒன்று அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்திலும் அதுதான், போனிலும் அதுதான், உங்கள் யூஎஸ்பி மைக்கின் வயிற்றிலும் அதுதான். மைக்குக்குள் வரும் ஒலி அலையை நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக்குகிறது ஒரு சிப். அப்படி அளந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். எப்போது அளப்பது என்று அதற்குத் தட்டிச் சொல்வது இந்தப் படிகம். ஒவ்வொரு படிகத்துக்கும் இவ்வளவு பிசகலாம் என்று ஓர் அளவு உண்டு. சாதாரண வீட்டுச் சாமான்களில் அது பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் இருக்கும். ஒரே பெட்டியில், ஒரே நாளில் செய்த இரண்டு மைக்கானாலும் ஒன்று இந்தப் பக்கம் பிசகும், மற்றது அந்தப் பக்கம் பிசகும். வெயில் ஏறினால் கொஞ்சம் மாறும். மைக் சூடானாலும் மாறும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 50 நிமிடம் என்பது 3,000 நொடி. 0.15ஐ 3,000ஆல் வகுத்தால் பத்து லட்சத்துக்குச் சரியாக 50. நொடிக்கு இரண்டரைக்கும் குறைவான சாம்பிள்தான் வித்தியாசம். அதுவே 50 நிமிடத்தில் 7,200 சாம்பிளாகச் சேர்ந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 100 தட்டு விழுகிற காலப்பிரமாணத்தில், தட்டுக்கு நான்கு மாத்திரை வரும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை சரியாக 0.15 நொடி. ஒரு மாத்திரை தள்ளி விழுந்தால் எந்தப் பாட்டிக்கும் காது கூசாதா? அடுத்தடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் தாளம் போட ஆரம்பித்த கதை இது. முதல் ஆவர்த்தனம் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை மைக்’ என்பதல்ல. ‘எத்தனை கடிகாரம்’ என்பது. நான்கு மைக்கோ எட்டு மைக்கோ, எல்லாவற்றையும் அளப்பது ஒரே படிகமாக இருந்தால் எத்தனை மணி நேரம் ஓடினாலும் ஒரு சாம்பிள்கூட விலகாது.

முதலில், கையில் இருக்கும் இரண்டு யூஎஸ்பி மைக்கை வைத்தே ஒரு கணினியில் சமாளிக்க முடியுமா என்றால், முடியும். ஆப்பிள் மேக் இருந்தால் வேலை சுலபம். அதிலேயே வரும் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியைத் திறந்து, கூட்டல் குறியைத் தட்டி, அக்ரிகேட் டிவைஸ் ஒன்று உண்டாக்குங்கள். இரண்டு மைக்கையும் அதில் சேர்த்து, ஒன்றைக் கடிகாரமாக வைத்து, மற்றதற்கு நேராக டிரிஃப்ட் கரெக்ஷன் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அந்த டிக்கை மறந்தால் பழைய கதைதான். டிக் போட்டுவிட்டால் இரண்டாவது மைக்கின் சாம்பிள்களை மேக் ஓயாமல் இழுத்தும் சுருக்கியும் முதல் மைக்கோடு ஒட்டவைக்கும். லினக்ஸில் இப்போது பெரும்பாலும் பைப்வயர் என்ற ஒலி மென்பொருள் இருக்கிறது (உபுண்டுவில் 22.10 பதிப்பிலிருந்து), அதுவும் தானாகவே இதைச் செய்கிறது.

விண்டோஸில்தான் தலைவலி. ஒலிப்பதிவு மென்பொருள்கள் அங்கே ஆசியோ என்ற டிரைவர் முறையில்தான் பேச விரும்பும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த அந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான். ஆசியோ ஃபார் ஆல் என்று ஓர் இலவச டிரைவர் பல சாதனங்களை ஒன்றாகக் காட்டும்; ஆனால் கடிகாரங்களை ஒட்டவைக்காது. கொஞ்ச நேரத்தில் ‘டிக் டிக்’ என்று சொடுக்குச் சத்தம் கேட்கும், அல்லது ஒரு மைக் பேசாமல் நின்றுவிடும். வாய்ஸ்மீட்டர் பனானா என்ற மென்பொருள் அதைவிடப் பரவாயில்லை. மூன்று வெளிச் சாதனங்களையும், கணினிக்குள்ளேயே ஓடும் இரண்டு ஒலிகளையும் வாங்கி, ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கும். பாட்காஸ்ட் பேச்சுக்கு அது தாராளமாகப் போதும். மிருதங்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அரைமணி நேரத்தில் ஒரே ஒரு சொடுக்கு வந்தாலும் அது தவறாமல் பாட்டி கமகம் பிடிக்கும் இடத்தில்தான் விழும்.

சரியான வழி ஒன்றுதான்: பல உள்ளீடுகள் உள்ள ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ். பல மைக் போய்ச் சேரும் ஒரே பெட்டி, அதற்குள் ஒரே கடிகாரம், கணினிக்கு ஒரே யூஎஸ்பி கேபிள். யூஎஸ்பி 2.0 எப்படித் தாங்கும் என்று பயப்பட வேண்டாம். எட்டு டிராக்கை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலும் நொடிக்குப் பத்து மெகாபிட்டைக்கூடத் தொடாது, யூஎஸ்பி 2.0வின் கொள்ளளவு 480.

வாங்கப் போகும்போதுதான் ஆள் விழுவான். நானே விழுந்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். பன்னிரண்டு சேனல் மிக்சர், பின்னால் யூஎஸ்பி துளை. “அண்ணே, பன்னிரண்டும் தனித்தனியாக் கம்ப்யூட்டருக்குப் போகும்” என்றார் கடைக்காரப் பையன், நல்ல பையன்தான். மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் பினாங்குக்குக் கொண்டுவந்து, பெட்டியைப் பிரித்து, செருகிப் பார்த்தால் கணினிக்கு வந்தது இரண்டே இரண்டு சேனல்: இடது, வலது. பன்னிரண்டும் மிக்சருக்குள்ளேயே கலந்து, சாம்பாராகி, அதற்குப் பிறகுதான் யூஎஸ்பிக்குப் போகிறது. சந்தையில் கிடைக்கும் யூஎஸ்பி மிக்சர்களில் நிறைய இப்படித்தான். கலந்தபின் கத்தரிக்காயைத் தனியாக எடுக்க முடியாது. அதனால் பெட்டியின் முகப்பில் உள்ள சேனல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ‘யூஎஸ்பி வழியாக எத்தனை உள்ளே, எத்தனை வெளியே’ என்று விவரத்தாளில் தேடுங்கள். 2 உள்ளே 2 வெளியே என்றிருந்தால் அது உங்களுக்கான சாமான் அல்ல.

அப்படி ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டை முழுக்க இடப்பக்கமும் மிருதங்கத்தை முழுக்க வலப்பக்கமும் திருப்பி வைத்துப் பதியுங்கள். பிறகு அந்த ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்தால் இரண்டு தனி டிராக். அந்தப் பன்னிரண்டு சேனல் மிக்சரில் இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

இன்டர்ஃபேஸ்களிலும் பெயரில் உள்ள எண் ஏமாற்றும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4 என்றால் நான்கு மைக் போடலாம் என்று நினைப்போம். நான்கு உள்ளீடு உண்டு, ஆனால் மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் இரண்டுதான்; மற்ற இரண்டும் கீபோர்டு மாதிரி லைன் ஒலிக்கு. 18ஐ20 என்ற பெரிய பெட்டியின் 18இல் மைக்குக்கு எட்டுதான். இன்னொரு எட்டு ஏடாட் என்ற ஒளிக்கேபிள் வழியாக வருவது, மீதி இரண்டு எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் துளை வழியாக. உங்கள் தேவையை எண்ணுவோம்: பாட்டி ஒன்று, அம்மா ஒன்று, ஆர்மோனியம் ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, சுருதிப்பெட்டி ஒன்று. மொத்தம் ஆறு. அம்மாவும் ஆர்மோனியமும் ஒரு மைக்கைப் பகிர்ந்துகொண்டு, சுருதிப்பெட்டிக்குத் தனி டிராக் வேண்டாம் என்று விட்டால் நான்கில் முடியும்; பெரிங்கர் யூஎம்சி 404எச்டி போன்ற நான்கு பிரீஆம்ப் பெட்டி போதும். ‘போதும்’ என்று நான் சொன்னாலும் உங்களுக்குப் போதாது. அடுத்த மாதமே மாமா கஞ்சிராவோடு வந்து நிற்பார். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் எட்டு பிரீஆம்ப் உள்ள யூஎம்சி 1820 அல்லது அதற்கு இணையான ஒன்றுக்குப் போய்விடுங்கள். பழைய சாமானாகத் தேடினாலும் தப்பில்லை. ஆனால் இப்போதைய விண்டோஸுக்கோ மேக்குக்கோ டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள்.

கோயிலுக்கும் எடுத்துப் போகணும் என்றால் ஜூம் எச்6 போன்ற கையடக்கப் பதிவுக்கருவியையும் யோசிக்கலாம். நான்கு மைக் செருகலாம், தலையில் உள்ள ஸ்டீரியோ மைக்கோடு ஆறு டிராக். கணினி இல்லாமலே பதியும். வீட்டில் யூஎஸ்பியில் செருகினால் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் பதியப் போகிறவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நுழைய முடியுமா? அங்கே இந்த மாதிரிக் கருவிதான் சரி.

எட்டும் போதாமல் போனால் ஒளிக்கேபிளில் இன்னோர் எட்டு பிரீஆம்பைச் சேர்க்கலாம். அப்போது மறுபடியும் இரண்டு பெட்டி, இரண்டு கடிகாரம். ஒன்றைத் தலைவனாக வைத்து, மற்றதன் கடிகாரத்தை ‘வெளியிலிருந்து’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முன்பு சொன்ன அதே சொடுக்குச் சத்தம்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு சாதனத்திலிருந்துதான் பதியும். அந்தச் சாதனம் எத்தனை சேனல் காட்டும் என்பது டிரைவரைப் பொறுத்தது. பல டிராக் வேலைக்கு விண்டோஸில் ரீப்பர் எனக்குப் பிடிக்கும். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள், பிறகு வீட்டு உபயோகத்துக்கு 60 அமெரிக்க டாலர். மேக்கில் காரேஜ்பேண்ட் இருக்கவே இருக்கிறது. எதுவானாலும் ஒவ்வொரு டிராக்குக்கும் எந்த உள்ளீடு என்று ஒரு தடவை குறித்து, டிராக்கின் பெயரையும் எழுதி, அதையே மாதிரியாகச் சேமித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு, கற்பூரத் தட்டு ஒரு பக்கம் சுற்ற, ‘டிராக் 3 எது?’ என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி ஹாலுக்கு வருவோம். நல்ல பெட்டி வாங்கியவர்கள்கூடக் கோட்டை விடுவது இங்கேதான்.

நம் ஊர்த் தொடர்வீட்டு ஹால் எப்படி இருக்கும்? கீழே டைல்ஸ், சுற்றிலும் வெறும் சுவர், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. கைதட்டிப் பாருங்கள், ‘ணங்’ என்று திரும்பி வரும். அந்த ‘ணங்’ எல்லா மைக்கிலும் ஏறும். பாய் விரியுங்கள், பாய்க்கு மேல் கனமான கம்பளம் இருந்தால் இன்னும் நல்லது. மிருதங்கத்துக்குப் பின்னால் சுவரோரம் இரண்டு மெத்தையை நிறுத்துங்கள். பார்க்க லட்சணமாக இருக்காது, கேட்க நன்றாக இருக்கும். இப்படிப்பட்ட ஹாலில் விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கைவிட ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் மேல். கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். பக்கத்து வீட்டு மிக்சியையும் நுணுக்கமாகக் கேட்கும்.

தனித்தனி டிராக் என்றால் ஒவ்வொரு டிராக்கிலும் ஒரே ஆள்தான் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தால் எல்லார் மைக்கிலும் எல்லாரும் வருவார்கள். மிருதங்கம் கட்டாயம் வரும். அதை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். பழைய கணக்கு ஒன்று உண்டு: மைக் தன் ஆளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால் அடுத்த மைக் அதிலிருந்து மூன்று சாணுக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். அதோடு, கார்டியாய்டு வகை மைக்கின் பின்பக்கத்துக்குக் காது மந்தம். பாட்டியின் மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்க்கும்படி ஆட்களை உட்கார வையுங்கள். மிருதங்கமும் பாட்டியும் எதிரெதிரே, ஆர்மோனியம் பக்கவாட்டில் என்று அரைவட்டமாக உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் சரியாக வருகிறது. பாட்டியின் குரல் மெல்லியது என்றால் வாய்க்கு அருகில் மைக்கைக் கொண்டுபோங்கள். பிரீஆம்பைத் திருகி ஏற்றினால் மிருதங்கமும் கூடவே ஏறும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்றேன். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, கை வீச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல். வலந்தலைக்கு எஸ்எம்57 போதும். பதிந்தபின் இரண்டு டிராக்கையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பும், அதாவது அலையைத் தலைகீழாக்கும், பொத்தானை அழுத்திக் கேளுங்கள். எந்த நிலையில் தொப்பியின் ‘தொம்’ வயிற்றில் இறங்குகிறதோ அதுதான் சரி. தப்பான நிலையில் தொப்பி பிளாஸ்டிக் வாளி மாதிரி ஒலிக்கும். இந்த ஒரு பொத்தான் தெரியாமல் ஆறு மாதம் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டினேன்.

ஆர்மோனியத்துக்கு மைக்கை மேலே, முன்பக்கமாக வையுங்கள். பின்னால் வைத்தால் துருத்தியின் மூச்சுத்தான் பாட்டைவிட அதிகம் வரும். சுருதிப்பெட்டியை மைக்கால் பிடிக்கவே வேண்டாம். அதில் வெளியே எடுக்கும் துளை இருந்தால் நேராக இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்குக் கேபிள் போடுங்கள். ஹாலில் அதன் சத்தத்தைப் பாடுகிறவர்களுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். சத்தமாக அலறவிட்டால் அது எல்லா டிராக்கிலும் ஒட்டிக்கொள்ளும், ஒரு பாட்டில் சுருதி மாற்றி வெட்டி ஒட்ட நினைத்தால் கையைக் கட்டிவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும்தான். அரைமணி நேரம் முன்பே ஏர்கண்டிஷனைப் போட்டு ஹாலைக் குளிரவைத்து, பதியும்போது அதையும் அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். மழைக்கு மருந்து இல்லை. வாசல் தகரக் கூரையில் நம் ஊர் மழை இறங்கினால் எந்த மென்பொருளும் அதை எடுக்காது. டீ போட்டுக் குடித்துவிட்டுக் காத்திருப்பதுதான்.

‘ம்ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் மடங்கான 100. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கியதும் நின்றால் எர்த் சுற்றுப் பிரச்சினை, பேட்டரியிலேயே பதியுங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. இடி இறங்கி வீட்டில் மெயின் டிரிப் ஆனால் லேப்டாப் நிற்காது. இன்டர்ஃபேஸும் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதாக இருந்தால் பதிவும் நிற்காது. எட்டு உள்ளீட்டுப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் தனி அடாப்டர் வேண்டும், அங்கே இந்தச் சலுகை இல்லை.

ஒலி அளவில் ஒரு பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். மீட்டர் சிவப்பைத் தொடும் வரை ஏற்றணும் என்பது கேசட் காலத்து அறிவு. 24 பிட்டில் இடம் தாராளம். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். சோதிக்கும்போது ‘தா தீ’ என்று தடவிக் காட்டாதீர்கள், தனியில் வாசிக்கப்போகும் ஆகப் பெரிய கோர்வையை அதே ஆவேசத்தோடு வாசியுங்கள். சோதனையில் அடக்கமாகவும் பதிவில் அடித்து நொறுக்கியும் வாசிப்பது மிருதங்கக்காரர்களின் குலவழக்கம். அறிந்தே சொல்கிறேன், என் மகனும் ஒருவன்.

எல்லாச் சாதனத்திலும் மென்பொருளிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே எண்ணை வையுங்கள். ஓரிடத்தில் 44.1ம் இன்னோரிடத்தில் 48ம் இருந்து குழம்பினால், 44.1இல் பதிந்தது 48இல் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடிய அம்மா ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத ஒரு கட்டையில் பாடுவார், கொஞ்சம் அவசரமாகவும். கடிகாரப் பிசகு மெல்ல மெல்ல விலகும். இது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும்.

பாடியது கணினிக்குப் போய் ஹெட்போனில் திரும்பி வரும் தாமதம் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். உங்களுக்கு அது பெரிதல்ல. இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் கணினிக்குப் போய்த் திரும்பாமலே ஹெட்போனில் ஒலி வரும். அப்புறம் கணினி ஒலியைத் தேக்கிவைத்துக் கையாளும் பஃபரை 512 சாம்பிளில் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம், கணினி திணறாது. ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். யூஎஸ்பி கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள், ஹப் வேண்டாம். வைஃபையையும் அறிவிப்புகளையும் அணையுங்கள். ஆறு டிராக்குக்கு மணிக்குச் சுமார் 3 ஜிபி இடம் பிடிக்கும்.

சென்னையில் இருக்கும் சித்தப்பாவை வீடியோ அழைப்பில் சேர்த்துப் பாடவைக்கலாமா என்றும் கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பேசலாம், கூடவே பாட முடியாது. ஒலி போய் வரும் நேரத்தில் தாளம் கெட்டுவிடும். அவர் தனியாக ஒரு விருத்தம் பாடட்டும். அதைத் தனி டிராக்கில் எடுக்க ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் போதும்: ஆறு டிராக் வரை பிரித்துப் பதியும், 28ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் ஒரு குறிப்பிட்ட செயலியின் ஒலியை மட்டும் பிடிக்கவும் செய்யும். ஜூம் என்ற வீடியோ அழைப்புச் செயலியில் கணினியில் பதியும்போது ஒவ்வொருவருக்கும் தனி ஒலிக்கோப்பு என்று ஒரு தெரிவு உண்டு, அது இன்னும் சுலபம்.

கடைசியாக, கையில் உள்ள அந்த 50 நிமிடம். காப்பாற்றலாம். முதலில் இரண்டு கோப்பையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

உங்கள் மிருதங்கம் பாட்டியின் மைக்கிலும் கேட்கும் அல்லவா? இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கசிவுதான் இப்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது. முதல் பாட்டில் தெளிவான ஒரு ‘தொம்’மை இரண்டு கோப்பிலும் கண்டுபிடித்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். கடைசிப் பாட்டில் அதே மாதிரி ஒரு தட்டைத் தேடி, முதல் தட்டிலிருந்து அது எத்தனை நொடி தள்ளி இருக்கிறது என்று இரண்டு கோப்பிலும் தனித்தனியாக அளந்து குறியுங்கள். மிருதங்கம் பிந்துகிறது என்றால் அந்த மைக்கின் கடிகாரம் வேகமாக ஓடி, கோப்பு நீண்டிருக்கிறது. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் எஃபெக்டில் புதிய நீளத்தை நேரடியாகப் போடலாம். மிருதங்கக் கோப்பில் அந்த இரண்டு தட்டுக்கும் இடையே உள்ள பகுதியைத் தேர்ந்து, பாட்டியின் கோப்பில் அளந்த நீளத்துக்குச் சுருக்குங்கள். சுருதி மாறிவிடாதா என்றால், மாறும்: அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு நடுப் பாட்டு ஒன்றையும் கேட்டுச் சரிபாருங்கள். வெயிலில் படிகம் ஒரே சீராகப் பிசகியிருக்காது. நடுவில் கொஞ்சம் தள்ளியிருக்கலாம்.

அளவெடுப்பதெல்லாம் தொல்லை என்றால் இன்னும் எளிய வழி உண்டு, நான் பெரும்பாலும் செய்வது அதுதான். மிருதங்கக் கோப்பைப் பாட்டுக்குப் பாட்டு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அந்தப் பாட்டின் நடுவில் விழும் ஒரு தட்டை வைத்துப் பொருத்துங்கள். ஆறு நிமிடப் பாட்டில் மொத்தப் பிசகு 18 மில்லிநொடி. நடுவில் பொருத்தினால் தொடக்கத்தில் 9 முந்தும், முடிவில் 9 பிந்தும். 9 மில்லிநொடியில் ஒலி மூன்று மீட்டர் போகும். மிருதங்கம் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து வாசித்ததாகத்தான் காதுக்குப் படும். வெட்டுவதும் சுருக்குவதும் மிருதங்கக் கோப்பில் மட்டும் இருக்கட்டும். பாட்டியின் கோப்பில் கை வைக்காதீர்கள்.